திரும்பி வராத நினைவகம்

சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவிலினின்று புறப்பட்டு, வழிநெடுக மண்டகப்படிகளில் எழுந்தருளி வைகையை நோக்கி வரும் கள்ளழகர் இந்தக் க்ஷணத்தில் எங்கே இருக்கிறார் என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும்படி மதுரைக் காவல்துறையினர் ஏற்பாடு செய்ததைப் பக்தர்கள் அறிவார்கள். இவ்வாறு இரவுபகலாக ஓய்வின்றி ஓடவேண்டிய புரோகிராம்கள் அனைத்துக்கும் பொதுவாக நேரக்கூடிய வியாதி ஒன்று உண்டு. அதுவே மெமரி லீக்.

பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்திச் சமைத்துண்ண வருவோர், வாடகைக்கு எடுத்த அண்டாவைக் காரியம் முடிந்தபின் திருப்பாமலே ஊர் போய்ச் சேர்ந்தால், முதல் சில நாள் கடைக்காரருக்குக் குறை தெரியாது. ஒருநாள் கேட்டு வந்தவருக்குக் கொடுக்க ஒன்றுமே இராது. கணினியிடம் நினைவகத்தைக் கேட்டுப் பெற்றுத் திருப்பாமல் வைத்துக்கொள்ளும் புரோகிராமின் கதையும் இதுவே.

1992 அக்டோபர் 26-ஆம் தேதி லண்டன் நகர ஆம்புலன்ஸ் சேவையில் தொடங்கப்பட்ட கணினி முறை, நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில் அடியோடு நின்றுபோனதற்குக் காரணம், வண்டி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் சர்வரின் நினைவகத்தில் சிறிதளவைப் பிடித்துவைத்துக்கொண்ட, புரோகிராமர் ஒருவர் அகற்ற மறந்த சில நிரல் வரிகளே என்று விசாரணையில் தெரியவந்தது.

அங்கே தவறு அந்தப் புரோகிராமிலேயே இருந்தது. எண்ணற்ற புரோகிராம்களுக்கு அஸ்திவாரமான ஃபிரேம்வொர்க்கிலோ மொழியின் நூலகத்திலோ அது ஒளிந்திருந்தால் கண்டுபிடிப்பது மிகவும் சிரமம். உதாரணமாக, ஜாவா மொழியில் முன்பு ஒரு நீண்ட வாசகத்தினின்று பத்து எழுத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டாலும், அந்தத் துண்டு மூல வாசகம் முழுவதையும் பற்றிக்கொண்டிருந்தது. பிரதி எடுக்கும் செலவை மிச்சப்படுத்த நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான் அது. ஆயினும், எவரும் பற்றாததை மட்டுமே துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் அந்தப் பெருவாசகத்தைத் தொடமுடியாமல் விட்டுவிட்டது. 2012-இல் வந்த ஜாவா 7-இன் ஆறாவது அப்டேட்டில்தான் இது மாற்றப்பட்டது.

இந்நோயை நிதானிக்கப் பொறுமை வேண்டும். நினைவகத்தின் அளவு ஏறி இறங்குவது இயல்பு. ஒவ்வொரு துப்புரவுக்குப் பின்னும் எஞ்சுவது முந்தைய எச்சத்தைவிட உயர்ந்துகொண்டே போவதுதான் லட்சணம். அது தெரிந்தால், சில மணி நேர இடைவெளியில் இரண்டு ஹீப் டம்ப் (அந்நேரம் நினைவகத்தில் இருப்பவற்றின் பிரதி) எடுத்து ஒப்பிட்டு, எது பெருகியிருக்கிறது, அதைப் பற்றியிருப்பது எது, அதையும் பற்றியிருப்பது எது என்று சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தொடர வேண்டும். பெரும்பாலும் அது நம் சொந்த வரிகளிலேயே வந்து முடியும். ஆகையால் அவற்றைச் சோதியாமல் ஃபிரேம்வொர்க்கை நிந்திப்பது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம். சங்கிலி உண்மையிலேயே ஃபிரேம்வொர்க்கினுள் முடிந்தால், நம் விவகாரங்களையெல்லாம் கழித்து, அத்தவற்றை மட்டும் காட்டும் சின்னஞ்சிறு புரோகிராமாகச் சுருக்கி, முந்தைய வெர்ஷன்களிலும் ஓட்டிப் பார்த்தால், பக் எந்த வெர்ஷனில் புகுந்தது என்பது பிரத்தியட்சமாகிவிடும்.

இரவுதோறும் சர்வரை ரீஸ்டார்ட் செய்து காலந்தள்ளுவோர் பலர். அது தாற்காலிக சாந்திதான். ஏனெனில் கசிவு கடிகாரத்தைப் பார்த்து நடப்பதன்று, வரும் வேலையின் அளவைப் பொறுத்து நடப்பது. கூட்டம் பெருகிய நாளில், ஒரு நாளில் நிறையவேண்டியது ஒரு மணி நேரத்திலேயே நிறைந்துவிடும். ஆகையால் மதுரையின் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் பணிபுரியும் நம் இளைஞர்கள், தாம் சுருக்கியெடுத்த அந்தச் சிறு புரோகிராமை வெர்ஷன் விவரத்தோடு ஃபிரேம்வொர்க்கைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பலாம். மூலநிரல் திறந்திருக்கும் ஃபிரேம்வொர்க்குகளில் திருத்தத்தையே எழுதி அனுப்பவும் இடமுண்டு.