மேய்ச்சல் தரையில் பார்த்தீனியம்: புல் கெடாமல் நீக்கும் முறைகள்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் மானாவாரி வேளாண்மையோடு ஆடுமாடு வளர்க்கும் குடியானவர்களுக்கு ஊர்ப் புறம்போக்கிலும் தரிசிலும் முளைக்கும் புல் முக்கியமான தீனியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொழுக்கட்டைப் புல்லும் அருகும் தழைக்கும்போது, அதே ஈரத்தில் பார்த்தீனியமும் முளைத்து இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. மாடுகள் இதனை விரும்புவதில்லை. வேறு தீனியின்றித் தின்றால் பால் கசக்கும்.

அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த இக்களை, 1955-இல் பூனாவில் பரவியிருந்தது கண்டறியப்பட்டது. ஒரு செடி 10,000-க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. முளைத்த ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூக்கத் தொடங்குமாதலால், அதற்குள் நீக்கிவிடுதல் அவசியம்.

கையால் பிடுங்குதல்

மழையால் மண் இளகியிருக்கும் சமயம், பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குவதே புல்லுக்குத் தீங்கற்ற முறை. அரிவாளால் அறுத்தால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். இச்செடி தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் உண்டாக்குமாதலால் கையுறை அணியவேண்டும். பூக்காத செடிகளைக் குழியிலிட்டு மக்கச்செய்து எருவாக்கலாம். பூத்தவற்றை எருக்குழியிற் சேர்க்கலாகாது, ஆழப் புதைத்தல் நலம். பட்டாசுத் தொழிற்சாலைகள் மலிந்த சிவகாசிப் பகுதியில் உலர்ந்த களையைக் குவித்துக் கொளுத்துதல் பேராபத்தாகும்.

மருந்து தெளித்தல்

சாலையோரங்களில் லிட்டர் நீருக்கு 200 கிராம் கறியுப்பைக் கரைத்துத் தெளிப்பதுண்டு. அது புல்லையும் கருக்குமாதலால் மேய்ச்சல் தரைக்கு உதவாது. கிளைபோசேட்டும் அத்தகையதே. 2,4-டி என்னும் மருந்தோ, அகன்ற இலையுள்ள செடிகளைக் கொன்று, நன்கு வேரூன்றிய புல்லைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆயினும் கரிசலில் பருத்தி நிற்கும் காலமும் அதுவே. காற்றில் சென்ற சிறு துளியும் பருத்தியிற் பட்டால் இலைகள் வெண்டையிலைபோல் பிளந்து குறுகும்; மகசூலும் குறையும். ஆதலால் பருத்திக்கு அருகில் இதனைத் தெளித்தல் ஆகாது. தெளித்த கருவியைப் பருத்திக்கு எடுத்தலும் ஆகாது. அளவையும், மாடுகளை விலக்கவேண்டிய நாட்களையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே தெளிக்கவேண்டும்.

வண்டின் உதவி

மெக்சிகோவினின்று தருவிக்கப்பட்ட ஒருவகை வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. அது மழைக்காலத்தில் பார்த்தீனிய இலைகளைத் தின்னும், புல்லைத் தீண்டாது. வறட்சியில் மண்ணுள் ஒடுங்கிவிடுமாதலால் அதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

புல்லை வளர்த்தல்

களை நீங்கிய வெற்றிடத்தைப் புல் மூடாவிடில் களையே மீண்டும் மூடும். ஆகவே அவ்விடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, புல் ஒருமுறை விதை உதிர்க்கும்வரை கால்நடைகளை விலக்கவேண்டும்.

ஒருவர் பிடுங்கி அடுத்தவர் விட்டுவைத்தால் உழைப்பு வீணாகும். முதல் மழைக்குப் பின் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, ஊரார் அனைவரும் தத்தம் நிலத்திலும் புறம்போக்கிலும் ஒருங்கே பிடுங்குமாறு ஊராட்சியாரும் கிராம நிர்வாக அலுவலரும் ஏற்பாடு செய்வார்களாயின், ஆண்டுக்காண்டு களை குறைந்து மேய்ச்சல் பெருகும்.