மாணவர் மகாநாடும் வனவிலங்குகளும்

வனவிலங்குப் பாதுகாப்பைக் குறித்துக் கூடும் இளைஞர் தலைமை மகாநாடுகளில் நம் மாணவர்கள் உற்சாகத்துடன் கலந்துகொள்வதை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். ஆயினும், தீர்மானங்கள் மட்டும் ஒரு மானையும் காப்பாற்றமாட்டா.

வேடந்தாங்கலை நோக்குக. ஏரிக்கு வரும் பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூர்க் குடியானவர்கள் 1798-லேயே கலெக்டரிடம் பெற்றனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. பறவையின் நலமும் உழவன் நலமும் ஒன்றாயின. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்திற்கு வெகுகாலம் முன்னரே அங்கே காவல் இருந்தது.

யானையும் காட்டுப்பன்றியும் அழித்த பயிரைப் பார்த்து நிற்கும் விவசாயிக்கு வெறும் உபதேசம் எதற்கு? உரிய நஷ்டஈடு அவனுக்குக் காலத்தில் கிடைக்க வாதாடுவதே மெய்யான தலைமை. மாணவர்களே, மேடையை விட்டிறங்கி வனத்தோரக் கிராமங்களுக்குச் செல்லுங்கள். குடியானவன் பகைவனானால் வனம் நிலையாது. துணைவனானால் அதுவே அதற்கு அரண்.