எம்.டெக். நெட்வொர்க்கிங்: யாருக்கு, எதற்கு?

சங்க விழாக்களுக்கு வரும் பெற்றோர் சிலர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் பி.இ. முடித்துவிட்டான் சார். நெட்வொர்க்கிங்கில் எம்.டெக். சேர்க்கலாமா? அல்லது ஆறு மாதத்தில் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகட்டுமா?" டில்லியில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கை ஏழு ஆண்டுகள் பராமரித்துவிட்டு, பிறகு வேலையை விட்டு எம்.டெக். படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சர்டிபிகேட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. போன்றவை, ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் எந்தக் கட்டளையை எப்படிக் கொடுப்பது என்று கற்றுத் தருகின்றன. ஏழு ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் தினமும் மாலை நான்கு மணிக்கு எங்கள் நெட்வொர்க் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். லைனைப் பெரிதாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். பெரிதாக்குவார்கள். மூன்று மாதத்தில் மறுபடி அதே கதை. ஏன் என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்த 'ஏன்' என்ற கேள்விக்குத்தான் எம்.டெக்.கில் இரண்டு ஆண்டுகள் செலவாகின்றன.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரம்தான். இவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த தகவல், திடீரென்று நொடிக்கு 40 பிட்டாக விழுந்துவிட்டது. அதாவது நொடிக்கு ஐந்தே எழுத்து. காகிதத்தில் எழுதி நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்! கம்பி எதுவும் அறுபடவில்லை.

நடந்தது என்ன? ஊருக்குக் கடிதம் போடுகிறோம். பதில் வராவிட்டால், தொலைந்துபோயிருக்கும் என்று இன்னொன்று போடுகிறோம். கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். அனுப்பிய பாக்கெட்டுக்கு 'வந்து சேர்ந்தது' என்ற பதில் குறித்த நேரத்தில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். தபால் ஆபீஸில் மூட்டைகள் குவிந்து கிடப்பதால் பதில் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லோரும் இரண்டாவது, மூன்றாவது கடிதம் போட்டால் என்ன ஆகும்? கடைசியில் தபால்காரர் சுமப்பதெல்லாம் பழைய கடிதங்களின் நகல்களாகவே இருக்கும்.

வான் ஜேக்கப்சன் என்பவரும் மைக்கேல் கேரல்ஸ் என்பவரும் இதை ஆராய்ந்து 1988இல் கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் கொஞ்சமாக அனுப்பு. பதில் வரவரக் கூட்டிக்கொள். பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு சட்டென்று குறைத்துவிடு. எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருப்பது என்பதையும் சரியாகக் கணக்கிடு. இவ்வளவுதான் வைத்தியம். நடுவிலிருந்த எந்தக் கம்பியையும் தொடவில்லை. இரு முனைகளிலும் இருந்த கம்ப்யூட்டர்களின் மென்பொருளை மட்டும் திருத்தினார்கள். இன்று நம் கைப்பேசியில் ஓடுவதும் அந்த விதிகளின் வழித்தோன்றல்களே.

முதல் ஆண்டில் பெரும்பாலும் கணக்குத்தான். பலரும் பயப்படுவது இங்கேதான். நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும் இல்லாமல் நெட்வொர்க்கிங் இல்லை. இந்தக் கோட்பாட்டைத் தொடங்கி வைத்தவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங். கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே, 1909இல். ரயில்வே முன்பதிவு கவுண்டரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு டிக்கெட் கொடுக்கச் சராசரி ஒரு நிமிடம். ஆட்கள் முன்னறிவிப்பின்றி வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது. கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி வெளியே வரச் சராசரி 2 நிமிடம் ஆகும். நூற்றுக்கு 90 பங்கு நேரம் வேலையாக இருந்தால்? 10 நிமிடம். 95 பங்கானால் 20 நிமிடம்! கூட்டம் ஐந்து பங்கு ஏறியதற்குக் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று, ஏழு ஆண்டுகளில் கிடைக்காத ஒன்று கிடைத்தது போலிருந்தது.

இரண்டாம் ஆண்டு முழுவதும் ப்ராஜெக்ட். இதற்குப் பெரிய லேப் வேண்டுமென்பதில்லை. என்.எஸ்.3 என்ற மென்பொருளில் ஒரு நெட்வொர்க்கையே கம்ப்யூட்டருக்குள் கட்டிச் சோதிக்கலாம். வயர்ஷார்க் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் காட்டும். இரண்டும் இலவசம். நான் எடுத்துக்கொண்டது ரௌட்டருக்குள் நிற்கும் வரிசை. மெமரி விலை குறைந்ததால் ரௌட்டர்களில் தாராளமாக வைத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் பெரிய ஃபைலை அனுப்பத் தொடங்கினால் அது அந்த இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். மற்றவர்களின் சின்னஞ்சிறு பாக்கெட்டுகள் பின்னால் நிற்கும். லைனைப் பெரிதாக்கினாலும் ஃபைல் அதையும் நிரப்பும். (நாலு மணிக்கு எங்கள் ஆபீஸில் பேக்கப் ஓடும் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.) அதே ஜேக்கப்சன், கேத்லீன் நிக்கல்ஸ் அம்மையாருடன் சேர்ந்து 2012இல் இதற்கும் ஒரு வழி சொன்னார்: பாக்கெட்டுகள் 5 மில்லிசெகண்டுக்கு மேல் தொடர்ந்து காத்திருக்க நேர்ந்தால் சிலவற்றை வேண்டுமென்றே கைவிடு, அனுப்புகிறவர் தானாக வேகத்தைக் குறைப்பார். ஒன்பது மாதம் இதையே சோதித்துக்கொண்டிருந்தேன்.

இனி பணவிஷயம். கேட் தேர்வில் தேறி முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் ரூ. 12,400 உதவித்தொகை உண்டு. தனியாள் விடுதியில் சமாளிக்கலாம். குடும்பஸ்தருக்கு டில்லியில் வாடகைக்கே போதாது. என் மனைவியின் சம்பளத்தில்தான் அந்த இரண்டு ஆண்டுகள் ஓடின. "கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டா?" என்று ஊரிலிருந்து அப்பா கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை, அவளிடம் இருந்தது. இழக்கும் சம்பளத்தையும் செலவோடு கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வேலையே போதும் என்பவருக்கு இந்தப் படிப்பு வீண் செலவு என்பேன். புதிய சாதனங்களை வடிவமைக்கவோ, ஆராய்ச்சிக்கோ, கல்லூரியில் கற்பிக்கவோ விரும்புகிறவர் தயங்க வேண்டாம்.

'நெட்வொர்க்கிங்' என்ற பெயரில் தனிப் பட்டம் எல்லா இடத்திலும் இல்லை. பல இடங்களில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.டெக்.கில் விருப்பப் பாடமாகவும், சில இடங்களில் எலக்ட்ரானிக்ஸ் துறையிலும் இருக்கும். பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். கணக்கில்லாத பாடத்திட்டமானால் அது சர்டிபிகேட் வகுப்பின் நீட்சிதான். அட்மிஷனுக்கு முன் நேரில் போய், கடந்த ஆண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்க்கப் போன ஒரு கல்லூரியில் லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கே சேரவில்லை.

ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். பையனை முதலில் அதில் நாலு வாரம் உட்காரச் சொல்லுங்கள். பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கேட் தேர்வு பிப்ரவரியில் நடப்பது வழக்கம். விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கிவிடும். பெற்ற மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்பதால், வேலையில் இருந்துகொண்டே எழுதி வைத்துவிட்டு நிதானமாகவும் சேரலாம்.