தாம்பத்தியப் பேச்சு – 7: மதுரையா, சிதம்பரமா?

இந்த வாரம் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்கிறேன். விசைத்தறியின் ஓசை ஓயாத தெரு ஒன்றில், நூல் விலை பேச வந்த வியாபாரியிடம் தறிக்காரர் ஒருவர், யாதொரு கூச்சமுமின்றி, "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் அண்ணாச்சி" என்றார். "ஒங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று வந்தவர் சிரித்தார். "மதுரைதான், அதுல என்ன சந்தேகம்?" என்று இவரும் சிரித்தார். இருவர் சிரிப்பும் அடங்குமுன், "கடனுக்குன்னா நூலு வேண்டாம்னு சொல்லிருங்க" என்று உள்ளிருந்து தீர்ப்பு வந்துவிட்டது.

வீட்டில் நடப்பது மனைவியின் ஆட்சியா, கணவனின் ஆட்சியா என்று தமிழ்நாட்டுக் கணவன்மார்களை இத்தனை மரியாதையோடு பரிகசிக்கும் கேள்வி வேறொன்று இல்லை. சித்திரையில் பட்டாபிஷேகம் செய்துகொண்டு செங்கோல் ஏந்தும் மீனாட்சி ஆடி வரை நான்கு மாதமே அரசாள்கிறாள் என்பதும், எஞ்சிய எட்டு மாதமும் சுந்தரேசுவரருடைய ஆட்சியே என்பதும் ஐதிகமாயிருக்க, ஜனங்களோ பன்னிரண்டு மாதமும் அதை மீனாட்சி கோயில் என்றே சொல்லி, அவளுடைய சந்நிதிக்கே முதலில் செல்கிறார்கள். சிதம்பரத்தில் கதை வேறு. நடனப் போட்டியில் ஈசன் காலைத் தலைக்குமேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆட, பெண்மைக்குரிய நாணத்தால் அவ்வாறு ஆட மாட்டாமல் நின்ற காளி தோற்றதாகக் கூறுவர். அதை நியாயமான வெற்றி என்று என் மனம் ஒருநாளும் ஒப்பவில்லை.

மனைவி சொற்படி நடப்பவனைப் 'பெண்வழிச்சேறல்' என்னும் 91-ஆம் அதிகாரத்தில் கடிந்துரைத்த வள்ளுவரே, நூலின் கடைசி அதிகாரமாகிய 'ஊடலுவகை'யில், காதலர்களுக்குள் தோற்றுப்போவதையே ஜயமாகக் கொண்டாடுகிறார். பொருட்பாலில் மந்திரியைப்போலப் பேசியவர், காமத்துப்பாலுக்கு வந்ததும் கணவனைப்போலப் பேசுகிறார் என்றே நான் கொள்கிறேன். இல்லறத்துக்கு உகந்தது பின்னதுதான்.

சங்கரன்கோவிலோ மதுரையுமன்று, சிதம்பரமுமன்று. அரியும் அரனும் ஓருருவாய்க் காட்சி தரவேண்டுமென்று கோமதியம்மன் புன்னை வனத்தில் தவம் இருந்தாள். அவள் விரும்பிய அந்தக் கோலத்திலேயே சுவாமி வந்து நின்றார். ஆடித்தபசன்று அம்பாள் தபசு மண்டபத்தில் காத்திருக்க, சங்கரநாராயணராக ரிஷப வாகனத்தில் புறப்பட்டு அவளிடம் வருபவர் அவரே. சுற்றுப்புறத்துச் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறைவிட்டு ஆரவாரிக்கிறார்கள். கேட்டவளுக்கும் குறைவில்லை, இசைந்தவருக்கும் குறைவில்லை. அந்தத் தறிக்காரரின் முகத்தில் கண்ட நிறைவை இந்தத் திருக்கோலத்தின் முன்னிலையில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

வருகிற ஆடி உத்திராடத்தன்று தம்பதியராகவே சங்கரன்கோவிலுக்கு வாருங்கள். எந்த வண்டியில் புறப்படுவது என்பதை மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.