நம் தெருவின் புகைக் கணக்கு



காலையில் குப்பை வண்டி தெருவுக்குள் வரும் ஓசை கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறோம். வாளி காலியானதும் வீட்டுக்குள் திரும்பிவிடுகிறோம். குப்பை நம்மை விட்டுப் போய்விட்டது என்ற நிம்மதி நமக்கு. ஆனால் அது எங்கே போகிறது என்று என்றாவது கேட்டிருக்கிறோமா?

திருச்சி கே.கே. நகரில் வாழும் நமக்குப் பல ஆண்டுகளாக இதற்கு ஒரே விடைதான் இருந்தது: அரியமங்கலம். ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்புள்ள அந்தக் கிடங்கில்தான் மாநகரின் குப்பை அரை நூற்றாண்டாக மலைபோல் குவிந்தது. கோடையில் அது அடிக்கடி தீப்பற்றும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் கிடங்கைச் சுற்றி வாழ்ந்த எளிய மக்கள். சில கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்த நமக்கு அது செய்தித்தாளில் ஒரு மூலைச் செய்தியாக மட்டுமே இருந்தது.

புவி வெப்பமடைதல் என்றதும் உருகும் பனிமலைகளும் பெரிய தொழிற்சாலைகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அதன் ஒரு வேர் நம் வீட்டு வாளியில் இருக்கிறது. காய்கறித் தோலும் மிச்சச் சோறும் காற்றுப் புகாத குப்பை மலைக்குள் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்கும் மேல். அதே தோலைக் காற்றுப் படும்படி மக்க வைத்தால் மீத்தேன் மிகக் குறைவாகவே உண்டாகும், உரமும் கிடைக்கும். ஆகவே ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் தனித்தனியே கொடுப்பது வெறும் தூய்மைப் பழக்கம் அல்ல. பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்கும் முதல் படியும் அதுவே.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை அனைவருக்கும் கடமையாக்கின. திருச்சி மாநகராட்சி வார்டுகளில் நுண்உர மையங்களை அமைத்து, ஈரக் குப்பையை அங்கேயே உரமாக்கத் தொடங்கியது. 2017-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருச்சி இடம்பெற்றபின், அரியமங்கலத்தில் தேங்கிய பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணியும் தொடங்கியது. ஆனால் மையங்கள் இருந்தால் மட்டும் போதாது. 2016-இல் அகில இந்தியத் தூய்மைக் கணிப்பில் மூன்றாம் இடம் பெற்ற நம் நகரம், 2023-ஆம் ஆண்டுக் கணிப்பில் தமிழகத்தில் முதலிடம் பெற்றபோதும், நாட்டளவில் 112-ஆம் இடத்தில்தான் நின்றது.

திட்டம் எங்கே தீட்டப்படுகிறது?

2015 பாரிஸ் உடன்பாட்டில் நாடுகள் வாக்குறுதி தந்தன. 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூச்சியமாக்குவதாக இந்தியா 2021-இல் அறிவித்தது. தமிழக அரசு 2022-இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அதைச் செயல்படுத்த ஏற்பாடு செய்தது. நகர அளவில், சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன் 'இக்லே' அமைப்பு நடத்திய திட்டத்தில் கோவை, திருநெல்வேலியுடன் திருச்சியும் சேர்க்கப்பட்டது.

இத்தகைய திட்டங்கள் மூன்று படிகளில் நடக்கின்றன. முதலில் கணக்கெடுப்பு: மின்சாரம், எரிபொருள், குப்பை ஆகியவற்றால் நகரம் ஓராண்டில் எவ்வளவு வாயுவை வெளியிடுகிறது என்று கணக்கிடுவது. அடுத்து இலக்கு: எதை, எந்த ஆண்டுக்குள், எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்வது. மூன்றாவது பொறுப்பு: எந்தத் துறை, எந்தப் பணத்தில் அதைச் செய்யும் என்று எழுதி வைப்பது. மூன்றாவது படி இல்லாவிட்டால் முதல் இரண்டும் அலமாரியில் தூங்கும்.

நம் தெருவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் மாதம் 200 யூனிட் மின்சாரம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக 140 கிலோ. மாதம் ஒரு சமையல் எரிவாயு உருளை என்றால் 42 கிலோ. ஸ்கூட்டருக்கு 15 லிட்டர் பெட்ரோல் என்றால் 35 கிலோ. கூட்டினால் மாதம் 217 கிலோ; ஆண்டுக்கு ஏறத்தாழ 2.6 டன். இப்படி நாற்பது வீடுகள் உள்ள தெரு ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் வெளியிடுகிறது!

இந்தக் கணக்கில் பெரும்பங்கு மின்சாரத்தினுடையது என்பதைக் கவனியுங்கள். ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். எனவே இரண்டு கிலோவாட் இருந்தால் அந்த வீட்டின் தேவைக்குப் போதும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. பஞ்சப்பூரில் மாநகராட்சியே சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது. ஆனால் வாடகை வீட்டில் குடியிருப்பவர் என்ன செய்வார்? மொட்டை மாடி அவருடையது அல்லவே. இவர்களையும் மனத்தில் கொள்ளாத திட்டம் வசதி உள்ளவர்களுக்கான திட்டமாகவே முடிந்துவிடும்.

தண்ணீரும் மின்சாரமே. காவிரியிலும் கொள்ளிடத்திலும் எடுக்கப்படும் நீர் பல கிலோமீட்டர் பம்பு செய்யப்பட்டே நம் குழாய்க்கு வருகிறது. நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டி, வீணாகும் மின்சாரத்தின் அடையாளம்.

போக்குவரத்தையும் பார்ப்போம். பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025-இல் திறக்கப்பட்டது. கே.கே. நகருக்கு அது அருகில்தான். ஆனால் நகரின் வடபகுதியில் இருப்பவர்களுக்குத் தூரம் கூடியிருக்கிறது. நகரப் பேருந்து அடிக்கடி கிடைத்தால் மக்கள் அதில் ஏறுவார்கள். கிடைக்காவிட்டால் ஸ்கூட்டரை எடுப்பார்கள். பேருந்து கால அட்டவணையும் ஒரு காலநிலைத் திட்டம்தான்.

உள்ளூர் மக்களும் குழுக்களும் இதில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவர முடியும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலில் சுட்டிக்காட்டினார். நம் குடியிருப்போர் நலச்சங்கங்களும் அன்பியங்களும் இங்கிருந்தே தொடங்கலாம். ஒரு தெரு தன் மின் கட்டண அட்டைகளைச் சேர்த்துக் கணக்கெடுக்கட்டும். ஓராண்டுக்குப்பின் மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வார்டு கூட்டத்தில் அந்தக் கணக்கோடு எழுந்து நின்று கேள்வி கேட்கட்டும். எண்களோடு கேட்பவருக்கு மழுப்பலான பதில் சொல்வது கடினம்.

நாளைக் காலை மீண்டும் குப்பை வண்டி வரும். நாம் கலந்து கொடுப்பதைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் தம் கைகளால் பிரிக்க வேண்டியிருக்கும். பிரிக்க முடியாதது எங்கோ ஓரிடத்தில் குவியும். அந்த இடத்தின் அருகிலும் ஒரு குடும்பம் வாழ்கிறது. வாளியை நீட்டும்முன் அந்தக் குடும்பத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போமா?