பழைய கைத்துப்பாக்கியும் பொருள்விற்கும் நேர்மையும்

தமிழ்த்துறை மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நாம் எழுதப் புகுந்தது சுடுவதைப் பற்றியன்று, விற்பதைப் பற்றி. அதிலும், பழம்பொருள் திரட்டும் ஒருவர் தம்மைப் போன்ற மற்றொருவருக்குப் பழைய படைத்துப்பாக்கி ஒன்றை விற்கும்போது உண்மையில் கைமாறுவது எது என்பதைப் பற்றி.

ஜெர்மானியத் தரைப்படை 1908இல் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியைச் சான்றாகக் கொள்வோம். சுடுந்தோறும் அதன் மேலுறுப்பு முழங்கால் மடங்குவதுபோல் மடங்கி எழும். இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்க வீரர்கள் பலர் இதனை நினைவுப் பொருளாக ஊருக்கு எடுத்துச் சென்றனர். ஆகவே அந்நாட்டில் இதனைத் திரட்டுவோர் மிகுதி.

இத்துப்பாக்கியின் உடலில் வரிசை எண் முழுமையாக இருக்கும். சிறு உறுப்புகளில் அவ்வெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருப்பர். எண் 4731 எனின், உறுப்புதோறும் 31 காணப்படல் வேண்டும். தோட்டாக் கூட்டின் அடியிலும் எண் உண்டு. யாவும் ஒத்திருப்பின் விலை உயரும். எப்போதோ பழுது நீக்கியபோது வேறொன்றின் உறுப்பைப் பொருத்தியிருப்பின் எண் மாறும், விலை தாழும்.

ஏட்டுச்சுவடி ஆய்ந்தோர்க்கு இது புதிதன்று. ஒரு சுவடிக்குள் வேறு கையெழுத்தில் இரண்டு ஏடுகள் புகுந்திருப்பின் நாம் எத்துணை எச்சரிக்கை கொள்கிறோம்! சுவடியிலாவது கையெழுத்துக் காட்டிக்கொடுக்கும். இங்கோ பழைய எண்ணை அராவிப் புதிய எண் பொறிப்பாரும், தேய்ந்த கருநீலப் பூச்சை நீக்கிப் புதுப்பூச்சு ஏற்றி அதனையே பழையது என்பாரும் உளர். புதுமெருகு கண்ணைக் கவரும். ஆயினும் துறையறிந்தோர் தேய்ந்த பழம்பூச்சையே விரும்புவர். தேய்த்து மெருகேற்றும்போது முத்திரைகளின் விளிம்பு மழுங்கிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அவ்விளிம்பைத்தான் அவர்கள் முதலில் நோக்குவர்.

சட்டமும் குறுக்கிடும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தொன்மை கருதி விலக்களிப்பது 1898 வரை செய்யப்பட்டவற்றுக்கே. 1908ஆம் ஆண்டு லூகர் அதில் அடங்காது. 50 ஆண்டு கடந்தவற்றைத் திரட்டுவோர்க்குத் தனி உரிமம் உண்டு. வேறு மாநிலத்தவர்க்கு விற்பதாயின் வாங்குபவரிடம் அவ்வுரிமம் இருத்தல் வேண்டும். இன்றேல் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே கைமாற வேண்டும். நம் நாட்டிலோ, உரிமத்துக்கு உட்பட்ட துப்பாக்கியைத் தனியார் ஒருவர் உரிமமுள்ள மற்றொருவர்க்கு விற்கக் கருதினால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து வாயிலாகத் தெரிவித்து 45 நாட்கள் காத்திருத்தல் வேண்டும்.

இச்சட்டங்கள் பெரிதும் யாருக்கு விற்கலாம் என்பதையே நோக்குகின்றன. எதைச் சொல்லி விற்க வேண்டும் என்பது விற்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது. குறையுள்ள பொருளைக் குறை கூறாது விற்றல் ஆகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. வாங்கியபின் மறைந்திருந்த குறை வெளிப்படின் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ‘கியாருல் ஐப்’ என்பர். குறையை அறிந்தே ஏற்றவர்க்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே உண்மை கூறுதல் விற்பவர்க்கும் காப்பாகிறது.

லூகரை விற்பவர் தாளில் எழுத வேண்டியது இரண்டு வரிதான்: ‘தோட்டாக் கூட்டின் எண் வேறு, பூச்சு பிற்காலத்தது.’ விலை குறையும். இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டால், அடுத்து வாங்குபவர்க்கும் அத்தாள் துப்பாக்கியோடு சேர்ந்தே போகும்.