ஒரே கூரையின் கீழ்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும், மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் கூட்டம் கூடும். மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் கேட்டால், உலையை இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். பகலெல்லாம் வயலில் குனிந்து நின்ற பெண்கள் தலைவாரிப் பூ முடித்து, பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரப்பு வழியே நடப்பார்கள். தரை, பெஞ்சு, நாற்காலி என்று கட்டணம் பிரிக்கப்பட்டிருக்கும். தரையில் மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்து நான் பார்த்த படங்கள் பல.

அந்தக் கொட்டகை இருந்த இடம் இன்று வீட்டுமனைகளாகிவிட்டது. அதே தெருவில் இப்போது வீட்டுக்கொரு தொலைக்காட்சி; கைக்கொரு அலைபேசி.

வீட்டில் பார்ப்பதா, திரையரங்குக்குப் போவதா என்ற வழக்கு தமிழகத்துக்குப் புதிதன்று. 2013-இல் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். வழியே வீடுகளுக்கு முதலில் தர கமல்ஹாசன் முனைந்தபோது திரையரங்க உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். கரோனா காலத்தில் அரங்குகள் மூடிக் கிடந்த நிலையில், 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக இணையத்தில் வெளியானது. 2021 ஜனவரி 13 அன்று திரைக்கு வந்த 'மாஸ்டர்', பதினாறே நாள்களில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காத்திருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது.

வீட்டுத் திரையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நடக்க முடியாத முதியவர்களும், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்களும் அதனால் பயனடைகிறார்கள். நால்வர் கொண்ட குடும்பம் நகரத்துக்குப் போய் நுழைவுச்சீட்டும் தின்பண்டமும் வாங்கி வருவதற்குள், விவசாயக் கூலிக் குடும்பத்தின் சில நாள் வருமானம் கரைந்துவிடும். இதையெல்லாம் மறந்து, திரையரங்கே உயர்ந்தது என்று வாதிடுவது வசதி உள்ளவர்களின் வாதம்.

ஆனால், இந்தக் கணக்கில் வராத ஒன்று உண்டு. தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் திரையரங்குதான் என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தியே என்றும் ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருக்கிறார். காவிரிப் படுகையில் இந்தக் கருத்தின் கனம் அதிகம். கூலி உயர்வுக்கான போராட்டத்தின் பின்னணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி, அன்றைய தஞ்சை மாவட்டத்தில்தான் இருந்தது. அது நடந்தது 1968 டிசம்பர் 25 அன்று. குளமும் தெருவும் தேநீர்க் குவளையும் பிரிந்து கிடந்த மண்ணில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் உட்காரலாம் என்பது சிறிய செய்தியன்று. கொட்டகை சாதியை ஒழித்துவிடவில்லை. வெளியே வந்ததும் அவரவர் தெரு அவரவரை அழைத்துக்கொண்டது. ஆயினும் இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் சிரித்தார்கள், ஒரே இடத்தில் கண் கலங்கினார்கள்.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வெளியானபோது இதை மீண்டும் நினைத்துக்கொண்டேன். காவல் வதைக்கு ஆளான இருளர் குடும்பத்தின் நீதிப் போராட்டத்தைச் சொன்ன அப்படம் நேரடியாக இணையத்தில் வந்தது. அதனாலேயே அது பலரைச் சென்றடைந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எங்கள் ஊரில் மேலத்தெரு தன் வீட்டில் பார்த்தது. கீழத்தெரு தன் வீட்டில் பார்த்தது. பக்கத்தில் இருப்பவரின் விம்மலைக் கேட்கும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை.

இன்னொரு இழப்பு பெண்களுடையது. கோயிலும் கல்யாணமும் சாவும் தவிர, வீட்டை விட்டு வெளியேற அவர்களுக்கு இருந்த காரணங்களில் ஒன்று சினிமா. வீட்டில் படம் ஓடும்போது அவர்கள் பாதி அடுப்படியில் நிற்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. ஆனால் மாலைக் காட்சி முடிந்து ஊர் திரும்பப் பேருந்து இருக்க வேண்டுமே!

டூரிங் டாக்கீஸ் திரும்பி வராது. அதற்காக ஏங்குவதும் வீண். ஆனால் ஊராட்சிகளில் சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு படக்காட்டுங்கருவியும் வெள்ளைத் துணியும் பெரிய செலவல்ல. உரிய அனுமதியோடு மாதம் ஒரு நல்ல படத்தை அங்கே திரையிட உள்ளாட்சி அமைப்புகள் முன்வரலாம். சிறு நகர அரங்குகள் பிழைத்திருக்க வரியில் சலுகையும், கடைசிக் காட்சிக்கேற்ற பேருந்தும் கிடைக்க வேண்டும்.

படம் பார்க்க வீடு போதும். பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்துப் பார்க்க ஊருக்கு ஒரு பொதுக் கூரை வேண்டும்.